பட்டி பார்த்த விரிசல்

என் அக்காவைக் கட்டிய மனுஷனை எங்கள் தெருவில் பளபளா மேஸ்திரி என்பார்கள். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். ஒரு சுவரை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, அதன்மேல் பெயிண்ட் அடித்து முடித்தார் என்றால் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பட்டி என்பது பெயிண்டுக்கு முன்னால் சுவரின் மேடு பள்ளம் தெரியாமலிருக்கத் தடவுகிற வெள்ளைப் பசை. அந்தப் பசையை நம்பிய அளவுக்கு அவர் கடவுளைக்கூட நம்பியதில்லை. எது உடைந்தாலும் மேலே பட்டி தடவித் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. ஸ்கூட்டர் இடித்து முன்பக்கம் நசுங்கியபோதும் அப்படித்தான். உள்ளே வளைந்த கம்பியை எட்டிக்கூடப் பார்க்காமல் மேலே பட்டி பார்த்துப் புது வண்டியாக்கினார். அடுத்த மழையில் ஹேண்டில் கையோடு வந்துவிட்டது. ஒரு மாதம் நொண்டினார். கேட்டவர்களிடமெல்லாம் ரோடு சரியில்லை என்றார்.

அவரைப் பற்றி நல்லதாக ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப் போக அதற்கு இடம் இருக்காது. மனுஷன் உழைப்பாளி. மீசை முளைக்காத வயதிலேயே சுண்ணாம்பு வாளியோடு சாரத்தில் ஏறியவர். கண் எரிந்து, கை வெந்து, அடுத்தவன் வீட்டுச் சுவர்களை வெள்ளையாக்கியே வளர்ந்தார். நிறம் கலப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெயிலில் வெளிறிப்போன பழைய சுவரில் நடுவே ஒரு கை அகலம் உரிந்திருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் அதே வெளிறலோடு, அதே அழுக்கோடு கலந்து அடிப்பார். எங்கே அடித்தார் என்று வீட்டுக்காரரே தேடினாலும் கிடைக்காது. இப்படி ஒரு கையைக் கொடுத்தவன் கூடவே கொஞ்சம் புத்தியையும் கொடுத்திருக்கலாம்.

நாங்கள் இருந்த வீடு அவருடையது. பழைய வீடாக மலிவில் வாங்கி, அதன் தலையில் ஒரு மாடியை ஏற்றினார். கீழே இருக்கிற தூண்கள் மெலிசு, மாடி தாங்காது என்று கொத்தனார் சொன்னார். அத்தான் உடனே யோசித்தார். தூணை மாற்றவில்லை, கொத்தனாரை மாற்றினார். மாடி எழும்பியதும் கீழ் வீட்டுச் சுவர், மேல் வீட்டுச் சுவர், தூண் எல்லாவற்றுக்கும் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து, வாங்க வாங்க என்று எங்களைக் கூப்பிட்டு மாடியில் குடிவைத்தார். கீழே அக்காவும் அவரும். மேலே நானும் என் வீட்டுக்காரரும். அந்த மாடி எதன்மேல் நிற்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கடிகாரம் ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கும். காலண்டர் நாற்காலியில் சாய்ந்திருக்கும். கண்ணாடி பார்க்க வேண்டுமென்றால் சன்னல் ஓரம் குனிய வேண்டும். எண்ணெய்த் தலையோடு யாராவது சுவரில் சாய்ந்துவிட்டால் போதும், அவர்கள் கிளம்பிப் போகும்வரை அந்த இடத்தையே முறைத்துக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் எல்லாம் சோபா நுனியில்தான் உட்கார்ந்தார்கள்.

நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் அவ்வப்போது பூமி லேசாக ஆடும். பாத்திரங்கள் கலகலக்கும், நாய்கள் குரைக்கும், பிறகு ஆளாளுக்கு அடுத்த வேலையைப் பார்ப்போம். அப்படி ஒரு ஆட்டத்துக்குப் பிறகு தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் கிளினிக்குக்கு வந்து பாடம் நடத்தினார். ஆடத் தொடங்கினால் ஓடாதீர்கள், அதே இடத்தில் தாழ்ந்து உறுதியான மேசைக்குக் கீழே போங்கள், தலையையும் கழுத்தையும் மறையுங்கள், மேசைக் காலை விடாமல் பிடியுங்கள். சன்னல் பக்கம் போகாதீர்கள், மாடிப்படியில் இறங்காதீர்கள். நின்ற பிறகு செருப்பு போட்டுக்கொண்டு, கேஸை மூடிவிட்டு, வெட்டவெளிக்கு வாருங்கள். மறுபடி ஆடும் என்பதை மறக்காதீர்கள். செய்து காட்டச் சொன்னார். டாக்டர் மேசைக்குக் கீழே போனார், வெளியே வர முடியவில்லை. நாங்கள் இழுத்து எடுத்தோம். நோயாளிகள் எல்லாம் பல்வலியை மறந்து சிரித்தார்கள்.

இதை நான் வீட்டில் வந்து சொன்னேன். அத்தான் தொடை தட்டிச் சிரித்தார்.

"மேசைக்குக் கீழ போய் ஒளியறதுக்கு நான் என்ன எலியா, சின்னவளே?"

"எலிக்கு இருக்கிற அறிவாவது இருக்கட்டும்னுதான் அத்தான் சொல்றேன்."

அக்கா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு, நடையில் நின்ற இரும்பு அலமாரியைப் பார்த்தாள். ஆளுயரத்துக்கு மேலே நிற்கிற அலமாரி. சமையலறையிலிருந்து வாசலுக்கு வர அந்த நடை ஒன்றுதான் வழி.

"இது சாஞ்சா வழி அடைச்சுடுமேங்க. ஒரு கம்பி போட்டு சுவத்தோட சேத்துக் கட்டிடலாமா?" என்றாள்.

"சுவத்துல துளை போடணுமா?"

"ரெண்டே ரெண்டுங்க."

"அதுக்கு என் கையில துளை போடு," என்று அத்தான் எழுந்து போய்விட்டார். பேச்சு முடிந்தது. அக்கா மறுபடி கேட்கவில்லை. அவள் எதையும் மறுபடி கேட்கிறவள் இல்லை. அதுதான் எனக்கு அவளிடம் பிடிக்காதது.

அவளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அத்தானுக்குப் பட்டி குழைத்துக் கொடுப்பவள் அவள்தான். வேலைக்கு ஆள் வராத நாளெல்லாம் வாளியில் பொடியைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கட்டி தட்டாமல் குழைத்துக் கொடுப்பாள். கெட்டியா, இளக்கமா, எந்தச் சுவருக்கு எவ்வளவு என்று கையாலேயே தெரியும். பேர் மட்டும் பளபளா மேஸ்திரிக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதற்கு அவள் எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை. தெருவில் அவளைப் பொறுமைசாலி என்று புகழ்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆட்டம் வந்தது ஒரு விடுமுறை நாளின் காலையில். நான் கீழே அக்காவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் லாரி போகிற மாதிரி ஒரு உறுமல். பிறகு தரை காலுக்குக் கீழே நழுவியது. அக்கா கத்தியைத் தூர எறிந்துவிட்டு, என் கையைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தாள். பாடம் படித்துவிட்டு வந்தவள் நான், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான். ஆளுக்கொரு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டோம். மேசை எங்களையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

மேசைக்குக் கீழிருந்து நான் கண்ட காட்சியைச் சாகும்வரை மறக்க மாட்டேன். அத்தான் கூடத்தில் நின்று, இரண்டு கையையும் விரித்து, சுவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தைச் சுவரில் வைத்து, காலை அகட்டி, பஸ்ஸைத் தள்ளுகிறவர் மாதிரி. அவர் பிடிக்காவிட்டால் அது விழுந்துவிடுமாம்.

"இங்க வாங்க. கீழ வாங்க," என்று அக்கா கூப்பிட்டாள்.

"நீ சும்மா இரு," என்றார் சுவரிடமிருந்து.

ஃப்ரிட்ஜ் மேலிருந்த கடிகாரம் விழுந்து சிதறியது. நடையில் நின்ற அலமாரி ஒரு முறை குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, எதிர்ச்சுவரில் மோதிக் குறுக்கே விழுந்தது. மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர்தான். எதைச் செய்யாதே என்று சொல்லியிருந்தேனோ அதைச் சரியாகச் செய்து, கடைசிப் படிகளை உருண்டு கடந்து, கையில் போனோடு வாசலில் விழுந்து கிடந்தார். போனில் படம் ஓடிக்கொண்டிருந்ததாம். பிறகு பார்த்தோம். முழுக்க அவர் கட்டைவிரல்.

ஆட்டம் நின்றது. அக்கா முதலில் கேஸை மூடினாள். பிறகு செருப்பை எடுத்து என் காலடியில் போட்டாள், தரையெல்லாம் கண்ணாடி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் நாங்கள் இரண்டு பேரும் வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தோம். கேஸ் கசிந்திருந்தால், தீப்பிடித்திருந்தால், அந்தச் சந்தில் கரியாகியிருப்போம். அத்தான் அலமாரியைப் பார்த்தார். நாங்கள் ஊர்வதையும் பார்த்தார். பிறகு அலமாரி மோதிய இடத்தில் சுவரை விரலால் தடவி, "கீறிடுச்சே," என்றார்.

தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது. வெட்டவெளிக்குப் போகாமல் பாதிப் பேர் பால்கனிகளுக்குக் கீழே நிழல் பார்த்து நின்றார்கள். வீடு தலையில் விழப் பார்த்த நாளில் வெயில் படக்கூடாதாம் இவர்களுக்கு. மிச்சப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு, அடுத்த ஆட்டம் மத்தியானம் வரும், இல்லை, சாயங்காலம் வரும் என்று ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். நிலநடுக்கம் இவர்களிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி. அக்காதான் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நகர்த்தினாள். கேஸை மூடினீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள்.

மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்து அறிவித்தது. விரிசல் விட்ட வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது. இன்ஜினியர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். பத்திரமான வீட்டுக்குக் கதவில் பச்சை அட்டை. ஆபத்தான வீட்டுக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் காலை வைக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் விரிசல் இருந்தது. அக்கா படுக்கிற அறையில், கட்டிலின் தலைமாட்டில், கூரை மூலையில் தொடங்கி, தூணைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தரை வரைக்கும் இறங்கியிருந்தது. சன்னல் வழியாக நானே பார்த்தேன். உள்ளே விரல் போகும்.

சிவப்பு அட்டை என்று கேட்டதிலிருந்து அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடு விழும் என்ற பயம் இல்லை. பளபளா மேஸ்திரி வீட்டுக் கதவில் சிவப்பு அட்டையா, நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான் என்பதுதான் பயம். மறுநாள் விடிந்ததும் பட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இந்தா, வா. குழைச்சுக் குடு," என்று அக்காவைக் கூப்பிட்டார்.

நான் குறுக்கே நின்றேன். "அத்தான், அது சுவத்து விரிசல் இல்ல. தூண் போயிருக்கு. இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு. நீங்க போறதுன்னா போங்க, அவளை விடுங்க."

"விரிசலைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறியா? நீ பல்லைப் பத்தி மட்டும் பேசு."

"சொத்தைப் பல்லை உள்ள சுத்தம் பண்ணாம மேல அடைச்சா என்ன ஆகும்னு எங்க டாக்டர்கிட்ட வந்து கேளுங்க."

அக்கா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. "நீ போகாதே. இந்த ஒரு தடவை போகாதே," என்றேன்.

"தனியா போனா தனியாதான் நிப்பாரு. இடிஞ்சா இழுக்கறதுக்காவது ஒரு ஆள் வேணாமா?" என்று கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

நான் தெருவின் நடுவில், சுவர் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு கத்தினேன். வேறு என்ன செய்ய? அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பூமி இரண்டு தரம் சிலிர்த்தது. ஒவ்வொரு முறையும் அக்கா வெளியே ஓடி வந்தாள், நின்றதும் உள்ளே போனாள். அத்தான் வெளியே வரவே இல்லை.

பட்டி பார்த்தார், தேய்த்தார், பெயிண்ட் கலந்தார். புதுப் பெயிண்ட் என்று தெரிந்துவிடக் கூடாதே. அதற்காகக் கொஞ்சம் மண்ணிறம் சேர்த்து வெளிறவைத்தார். காய்ந்ததும் கட்டில் தலைமாட்டில் தலை பட்டுக் கறுத்த மாதிரி எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்தார். யாரும் சுவரில் சாயக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் முறைத்த மனுஷன், தானே உட்கார்ந்து எண்ணெய்க் கறை வைத்தார். வெளிப்பக்கத்திலும் அப்படியே, மழை வடிந்த கோடு உட்பட. முடித்துவிட்டு என்னைச் சன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். விரிசல் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. அவர் செய்ததிலேயே மிக நல்ல வேலை அதுதான், சந்தேகமே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மா, எங்க வீட்டுக்கும் கொஞ்சம் பாத்து விடுங்க மேஸ்திரி என்று கேட்டாள். அவளுக்கும் சிவப்பு அட்டை என்றால் பயம். தையல் மிஷின் உள்ளே மாட்டிக்கொண்டால் பிழைப்புக்கு எங்கே போவாள். அத்தான் பெருந்தன்மையோடு போய் அங்கேயும் மறைத்துக் கொடுத்தார்.

இதோடு விட்டாரா என்றால், இல்லை. பயந்து வெளியே கிடக்கிறோம் என்று தெரிந்தால் இன்ஜினியருக்குச் சந்தேகம் வருமாம். நாங்கள் எப்போதும்போல வீட்டில்தான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டுமாம். மத்தியானம் சன்னலைத் திறந்துவைத்து, அக்காவை அதே கட்டிலில், அதே தலைமாட்டில் போய்ப் படுக்கச் சொன்னார்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதே," என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் இன்ஜினியர் வருகிறாரா என்று பார்க்கப் போய்விட்டார்.

நான் சன்னலுக்கு நேரே தெருவில் நின்றேன். "எழுந்து வாடி வெளிய," என்று அக்காவை டி போட்டுக் கூப்பிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக. அவள் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"கத்தாதே. எனக்குக் கேக்க மாட்டேங்குது," என்றாள்.

"என்ன கேக்கணும்?"

"சுவத்துக்குள்ள மண்ணு கொட்டுது."

அவள் காதைச் சுவரில் வைத்தாள். "நிக்கவே இல்ல. கொட்டிக்கிட்டே இருக்கு," என்றாள். பிறகு நான் எவ்வளவு கெஞ்சியும் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். உள்ளே போய் இழுத்து வர எனக்குத் தைரியம் வரவில்லை, அந்த ஆளை அந்தச் சுவரிலேயே வைத்துப் பூச வேண்டும்போல மட்டும் இருந்தது.

கடைசியில் அத்தான் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எழுந்திரு, எழுந்திரு. வந்தாச்சு," என்றார்.

இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். தலையில் தொப்பி, கண்ணைச் சுற்றிக் கருவளையம், ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள். வெளியே சுற்றிப் பார்த்தாள். தூணைத் தட்டினாள். உள்ளே போய் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தாள். நான் திறந்திருந்த சன்னலுக்கு வெளியே நின்றேன். நடையில் அலமாரி விழுந்த கீறலைப் பார்த்தாள், அது ஒன்றும் இல்லை என்றாள். படுக்கையறைச் சுவரில் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அத்தான் செய்த வேலைக்கு ஏமாறாதவர் யாரும் இல்லை.

"மாடி ஏத்தின வீடு மாதிரி இருக்கு. தூணும் சின்னதா இருக்கு. ஆனா விரிசல் ஒண்ணும் காணோம்," என்றாள் யோசனையோடு.

"எப்படிம்மா இருக்கும்? வேலை அப்படி," என்றார் அத்தான். முகத்தில் வெட்கமே இல்லை.

பச்சை அட்டையை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன், அத்தான் முறைத்தார், அதற்குள் அக்கா பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இந்தச் சுவத்துக்குள்ள ஒரு வாளி பட்டி போயிருக்கும்மா. நான்தான் குழைச்சேன்."

இன்ஜினியர் திரும்பினாள். "ஒரு வாளியா? எங்க?"

"இந்தத் தலைமாட்டுல. இவ்வளவு பெரிய அறைக்குப் பூசினாக்கூட அவ்வளவு போகாது. தடவத் தடவ உள்ள போயிக்கிட்டே இருந்துச்சு. இப்பவும் உள்ள மண்ணு கொட்டுது, காது வச்சா கேக்கும்."

"இவளுக்குப் பயத்துல மூளை கலங்கிடுச்சும்மா," என்றார் அத்தான்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து, பட்டி தடவுகிற தகட்டை எடுத்து இன்ஜினியர் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் சுரண்டினாள். பெயிண்ட் உதிர்ந்தது, பட்டி உதிர்ந்தது, உள்ளே செங்கல் தூள் பொலபொலவென்று கொட்டியது. தூணுக்குள்ளிருந்த கம்பி துருப்பிடித்து வளைந்து தெரிந்தது. எல்லாரும் உடனே வெளிய போங்க என்று அவள் சொன்னாள். வெளியே வந்துதான் சிவப்பு அட்டையை எழுதினாள்.

அட்டை ஒட்டப்படுவதைத் தெருவே நின்று பார்த்தது. அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல என் வேலையில குறை சொன்னவ நீ ஒருத்திதான்," என்றார் அக்காவிடம்.

"குறை சொல்லலீங்க. வேலை ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் சொல்லலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் சொன்னேன்."

இன்ஜினியர் குறுக்கிட்டாள். வேற எந்த வீட்டுல இப்படிச் செஞ்சீங்க ஐயா, மறைக்காம சொல்லுங்க என்றாள். அத்தான் எதிர்வீட்டைக் காட்டினார். மனுஷன் திருந்திவிட்டார் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். தையல்காரம்மா வீட்டில் அந்தப் பெண் டார்ச் அடித்துத் தேடிக் களைத்துப்போகும்வரை கை கட்டி நின்றார். பிறகு, "அங்க இல்ல. இங்க. பாருங்க, தெரியுதா? தெரியாது," என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். குரலில் கச்சேரி முடித்தவரின் திருப்தி. அங்கேயும் சிவப்பு. தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

மறுநாள் காலை சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பெரிய ஆட்டம் மறுபடி வந்தது. முதல் தடவைக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையைக் கையால் மூடிக்கொண்டோம். சுற்றிலும் விழ ஒன்றும் இல்லை, வானம்தான். எங்கள் தெருப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, பிறகு புழுதி எழுந்தது. எதிர்வீட்டுச் சன்னல் மட்டும்தான் போயிருந்தது. விழுந்தது எங்களுடையது.

காவலுக்கு நின்றவர் எங்களைக் கயிறு கட்டிய இடம் வரைக்கும் விட்டார். மாடி ஒரு பக்கமாகக் கீழே உட்கார்ந்திருந்தது. நான் தூங்கி எழுந்த வீடு படுக்கையறையின் தலையில் கிடந்தது. சுவர் உள்பக்கம் சரிந்து, பாதி பக்கத்துச் சந்தில் கொட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் இந்தத் தடவை போனை வெளியே எடுக்கவில்லை.

அத்தான் கயிற்றுக்கு இப்பால் குனிந்து, இடிபாட்டிலிருந்து ஒரு துண்டைப் பொறுக்கினார். செங்கலோடு ஒட்டிக்கொண்டிருந்த பட்டித் துண்டு. கட்டைவிரலால் புழுதியைத் துடைத்தார். உள்ளே செங்கல் இரண்டாகப் பிளந்திருந்தது, மேலே பட்டி வழவழவென்று அப்படியே இருந்தது.

"இங்க பாரு. சுவரே போச்சு, பட்டி விரியல பாரு," என்று அக்காவிடம் நீட்டினார்.

நான் அவரை அடித்திருப்பேன். அக்கா துண்டைப் பார்க்கவில்லை. படுக்கையறை இருந்த இடத்தில் குவிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"அதுக்குக் கீழதாங்க என் தலையணை இருக்கு," என்றாள்.

அத்தான் திரும்பிப் பார்த்தார். கட்டில் காலைப் பார்த்தார், அதன் மேல் கிடந்த மாடியைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"நேத்து எவ்வளவு நேரம் அதுல படுத்திருந்தே?" என்று கேட்டார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"நீங்க எழுந்திருன்னு சொல்ற வரைக்கும்," என்றாள் அக்கா.